சேபர் களத்தின் வீடியோ முறையீடு: எதற்கு நம்பலாம், எதற்குத் தயங்க வேண்டும்

சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு தன் பெரிய போட்டிகளில் வழங்கும் வீடியோ முறையீட்டு வசதியைப் பற்றியது இந்த மதிப்புரை. கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருளாக அது இல்லாவிட்டாலும், போட்டியாளரும் பயிற்சியாளரும் பார்வையாளரும் நாள் முழுவதும் சார்ந்திருக்கும் ஒரு சேவை அது. ஆகவே மற்றச் சேவைகளைப் போலவே அதையும் எடைபோட்டுப் பார்க்கலாம். ஃபாயில், எபே, சேபர் ஆகிய மூன்று வாள்களுக்கும் அந்த வசதி உண்டு என்றாலும், அதன் தரம் உண்மையில் சோதனைக்கு உள்ளாவது சேபரில்தான். வாளலகுகள் ஒன்றோடொன்று தொட்டனவா, பின்கால் முன்காலைக் கடந்ததா என்பன போன்ற கேள்விகளுக்கு இந்தச் சேவை மிக நன்றாக விடை தருகிறது. ஆனால் சேபரில் அடிக்கடி எழும் கேள்வி வேறு: தாக்குதல் யாருடையது, அதாவது இருவரும் தொட்டுக்கொண்டால் புள்ளிக்கு உரிமை யாருக்கு? அந்தக் கேள்விக்குத் திரை தரும் விடையை நான் அரைமனத்தோடுதான் ஏற்றுக்கொள்கிறேன். காரணங்களைச் சொல்வதற்கு முன், திரைக்கு முந்திய கருவியான விளக்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெட்டி முடித்துவைக்காத வழக்குகள்தாம் திரைக்கு வந்து சேர்கின்றன.

சேபர் வீரர் அணியும் மேலங்கி மின்சாரம் கடத்தும் இழைகளால் நெய்யப்பட்டது. முகக்கவசமும் அவ்வாறே மின்கடத்தும் தன்மை உடையது. இடுப்புக்கு மேற்பட்ட பகுதியில் எதிராளியின் வாள் பட்டால் பெட்டியில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை விளக்கு எரியும். ஃபாயிலில் செல்லாத இடத்தில் பட்டதைக் காட்ட வெள்ளை விளக்கு உண்டு. சேபரில் அதற்கு வேலை இல்லை. ஒருவருடைய விளக்கு எரிந்த பிறகு மற்றவருடைய தொடுகையைப் பெட்டி எவ்வளவு நேரம் ஏற்கும் என்பதுதான் இங்கே முக்கியம். சேபரில் அந்த இடைவெளி 170 மில்லிநொடி, ஃபாயிலில் 300, எபேயில் 40 முதல் 50 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். ரியோ ஒலிம்பிக் நடந்த 2016 வரை சேபரின் இடைவெளி 120 மில்லிநொடியாகத்தான் இருந்தது.

வெறும் 50 மில்லிநொடி கூடியதால் என்ன நேர்ந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். ஆனால் ஆட்டத்தின் குணமே அதனால் மாறியது. 120 இருந்த காலத்தில், தாக்கி வருபவரின் கையில் விரைவாக ஓர் எதிர்வெட்டு வைத்துவிட்டு விலகிக்கொண்டால், அவருடைய வெட்டு வந்து சேர்வதற்குள் பெட்டி மூடிக்கொள்ளும். ஒற்றை விளக்கு எரியும். நடுவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அதேபோல் ஒருவர் சரியாகத் தடுத்துப் பதிலடி கொடுத்தாலும், தடுக்கப்பட்டவர் வாளை எடுக்காமல் மீண்டும் ஒரு முறை தேய்த்துவிட்டால், பதிலடி பதிவாகாமல் போகும் ஆபத்து இருந்தது. 170 ஆன பிறகு இத்தகைய தந்திரங்களின் பலன் குறைந்தது. இரண்டு விளக்குகளும் சேர்ந்து எரியும் தருணங்கள் கூடின. எனவே நடுவர் வாய்திறந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய தருணங்களும் கூடின. பெட்டி தன் தோளிலிருந்து இறக்கிய சுமை நடுவரின் தோளில் ஏறியது. என் மதிப்பில் இது நல்ல மாற்றமே: முதலில் யார் தொட்டார் என்பதைவிட, யார் தொடுவதற்கு உரிமை பெற்றிருந்தார் என்பதைக் கேட்கும் விளையாட்டு அது, பெட்டி அந்தக் கேள்வியைக் குறுக்கே புகுந்து அடைத்துவிடக் கூடாது.

'நேரத் தகராறு' என்று அரங்குகளில் நாம் கேட்பவற்றில் பாதி, இந்தப் பெட்டியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருபவை. "என் விளக்குத்தானே முதலில் எரிந்தது" என்று இளம் வீரர்கள் பெட்டியைச் சுட்டிக்காட்டி வாதிடுவதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் அதைவிட உரக்கச் சொல்வார்கள். 170 மில்லிநொடிக்குள் இரண்டு விளக்குகளும் எரிந்துவிட்டால், எது முதலில் எரிந்தது என்பதற்குச் சேபரில் எந்த மதிப்பும் இல்லை. மறுபுறம், அந்த இடைவெளி கடந்துவிட்டால் இரண்டாவது விளக்கு எரியவே எரியாது. அப்போது முன்னுரிமை, அதாவது தாக்கியவருக்குப் புள்ளியில் உள்ள உரிமை, முழுக்க உங்களுடையதாக இருந்திருந்தாலும் எதிராளியின் ஒற்றை விளக்குதான் பேசும். இந்த இரண்டையும் மனத்தில் பதித்துக்கொண்டால் பெரும்பாலான சச்சரவுகள் எழவே எழா.

இரண்டு விளக்குகளும் எரிந்த பிறகு தொடங்குவதுதான் நடுவரின் பணி. விதிப்புத்தகம் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும்: கையை நீட்டி, எதிராளியின் செல்லுபடியாகும் பகுதியை இடைவிடாமல் அச்சுறுத்தும் முதல் செயலே தாக்குதல். லஞ்ச் அடித்து, அதாவது முன்காலை நீளமாக எடுத்துவைத்துப் பாய்ந்து, தாக்கும்போது, கை நீள்வது கால் பாய்வதற்கு முன் தொடங்க வேண்டும். வெட்டு, முன்கால் தரையில் படும் வேளைக்குள் சென்று சேர வேண்டும். ஓர் அடி முன்வைத்து லஞ்ச் அடித்தால், அந்த அடி முடிவதற்கு முன்பே கை நீளத் தொடங்கியிருக்க வேண்டும். தாக்குதல் தவறினாலோ, எட்டாமல் குறைந்தாலோ, தடுக்கப்பட்டாலோ உரிமை எதிராளிக்கு மாறும்; அவர் தாமதிக்காமல் அதைப் பயன்படுத்த வேண்டும். எதிராளியின் வாளைத் தட்டித் தாக்குதலைத் தொடங்குபவர், அலகின் மேற்பகுதியில் தட்ட வேண்டும். கைப்பிடியை ஒட்டிய வலுவான கீழ்ப்பகுதியில் தட்டினால் அது எதிராளி செய்த தடுப்பாகவே கொள்ளப்படும், பதிலடி உரிமையும் அவருக்கே போகும். இருவரும் ஒரே நேரத்தில் தாக்கியிருந்தால் புள்ளி யாருக்கும் இல்லை.

படிக்கும்போது இவை தெளிவாகவே இருக்கின்றன. களத்தில் நடப்பது சற்று வேறு. 14 மீட்டர் நீளமுள்ள பிஸ்ட் எனப்படும் ஆட்டக்களத்தில், இரு வீரர்களும் 4 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள். "அலே" என்ற சொல் நடுவர் வாயிலிருந்து வந்ததும் இருவரும் முன்னோக்கிப் பாய்கிறார்கள். கண் இமைத்துத் திறப்பதற்குள் இரு விளக்குகளும் எரிந்துவிடுகின்றன. புத்தகம் கையைப் பார்க்கச் சொல்கிறது; நடைமுறையிலோ நடுவர்கள் கால்களையும், உடலின் உந்துதலையும், யார் தயங்கினார் என்பதையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நீண்ட தூரம் எதிராளியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வீரர், கையை மடக்கியே வைத்திருந்தாலும் அவருக்கே தாக்குதல் தரப்படுவதை உலகக் கோப்பைப் போட்டிகளில் வழக்கமாகக் காணலாம். எழுதப்பட்ட விதிக்கும் ஏற்கப்பட்ட பழக்கத்துக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளி சேபரின் பழைய நோய். இதை அறியாமல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு அரங்குக்கு வருபவர், எல்லா நடுவர்களும் தவறு செய்கிறார்கள் என்றே முடிவுகட்டுவார்.

வீடியோ முறையீட்டின் நடைமுறை எளிமையானது. தீர்ப்பை ஏற்காத வீரர் விரல்களால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து காட்டுகிறார். நடுவர் களத்தோரத்தில் உள்ள திரைக்குச் செல்கிறார். அங்கே அமர்ந்திருக்கும் வீடியோ ஆலோசகரான இன்னொரு நடுவரோடு சேர்ந்து அந்தச் செயலை இயல்பான வேகத்திலும் மெதுவாகவும் பார்க்கிறார். திரும்பி வந்து தீர்ப்பைச் சைகைகளோடு அறிவிக்கிறார். தனிநபர் நாக் அவுட் ஆட்டங்களில் ஒரு வீரருக்கு இரண்டு முறையீடுகள்; நடுவர் வீரரின் கருத்தை ஏற்றுக்கொண்டால் அந்த முறையீடு கணக்கில் குறையாது. நடுவர் தாமாக விரும்பியும் திரையைப் பார்க்கலாம். 15 புள்ளிகளுக்கு நடக்கும் அந்த ஆட்டங்களில் 14-14 என்ற நிலையில் வரும் கடைசித் தொடுகைக்கு, யாரும் கேட்காவிட்டாலும் திரையைப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஏற்பாடு மிகச் சிறப்பானது. ஒருவருடைய முறையீடுகள் தீர்ந்துபோய்விட்டன என்பதற்காக அவர் நான்கு ஆண்டு உழைப்பை இழக்கக் கூடாது.

கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறைக்குப் பழகிய நம் கண்களுக்கு இதில் ஒரு பெரிய வேறுபாடு உடனே தென்படும். கிரிக்கெட்டில் களநடுவரின் தீர்ப்பை வேறொரு அறையில் இருக்கும் மூன்றாவது நடுவர் ஆராய்கிறார். வாள்வீச்சிலோ, தீர்ப்பளித்தவரே தம் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டையும் விசாரிக்கிறார். ஆலோசகர் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். தம் முதல் தீர்ப்பை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் மாற்றிக்கொள்வதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். அனுபவம் மிக்க நடுவர்களிடம் அது இருக்கிறது. புதியவர்களிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தச் சேவையில் ஒரேயொரு மாற்றம் செய்ய எனக்கு அதிகாரம் கிடைத்தால், ஆலோசகர் தம் கருத்தை நடுவரிடம் பேசுவதற்கு முன்பே ஒரு பொத்தானை அழுத்திப் பதிவுசெய்ய வேண்டும் என்று சேர்ப்பேன். இருவரும் தனித்தனியே கண்டது ஒன்றாக இருந்தால் தீர்ப்பின் எடை கூடும். வேறாக இருந்தால் அதுவும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய செய்திதான்.

இந்தச் சேவையின் பலங்களைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. முதலாவது, தடுப்பு நடந்ததா என்ற கேள்வி. வேகமான பரிமாற்றத்தில் அலகுகள் மோதிய ஒலி வெட்டின் ஒலியோடு கலந்துவிடுகிறது. நடுவரின் காது ஏமாறுவது இயல்பு. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், தாக்கியவரின் வாள் தடுப்பில் முட்டி நின்று பிறகு வளைந்து மேலங்கியைத் தொட்டதா, தடுப்பையே சந்திக்காமல் நேராகப் போய்ச் சேர்ந்ததா என்பது பெரும்பாலும் புலப்படும். சேபர் அலகு நெகிழ்வானது. தடுத்த பிறகும் சாட்டைபோல் சுழன்று எதிராளியைத் தொட்டுவிடும். அலகுகள் தொட்டுக்கொண்ட உடனே வரும் அத்தகைய பொய்த் தொடுகைகளைத் தவிர்க்கப் பெட்டியிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது; ஆயினும் அது எல்லாவற்றையும் வடிகட்டுவதில்லை. எஞ்சியவற்றைத் திரை பிடிக்கிறது.

இரண்டாவது, கால்கள். சேபரில் முன்னோக்கிச் செல்லும்போது பின்கால் முன்காலை முழுவதும் கடக்கக் கூடாது; கடந்தால் அந்த வெட்டுச் செல்லாது, மஞ்சள் அட்டையும் உண்டு; எதிராளி அப்போது தொட்டிருந்தால் அது செல்லும். பாய்ந்து வரும் வீரரின் வாளைக் கவனித்துக்கொண்டிருக்கும் நடுவர் கால்களையும் அதே கணத்தில் பார்ப்பது கடினம். திரையில் அது ஒரு நொடி வேலை. களத்தின் பின்னெல்லையைத் தாண்டியதா, இரு கால்களும் வெளியேறினவா என்பதற்கும் அப்படியே. இத்தகைய வழக்குகளில் நடுவரும் வீரரும் திரையைப் பார்த்துவிட்டு ஒத்த கருத்தோடு களத்துக்குத் திரும்புவதை அடிக்கடி காண முடிகிறது. அதுவே ஒரு சேவை ஒழுங்காக இயங்குவதற்கு அடையாளம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான்கு மீட்டர் இடைவெளியின் நடுவில் இருவரும் மோதிக்கொள்ளும் தொடுகைகளே சேபர் ஆட்டத்தின் பெரும்பகுதி. அவற்றில் ஒருவர் மற்றவரைவிடச் சற்று முன்னதாகப் புறப்பட்டாரா, இருவரும் சேர்ந்தே புறப்பட்டனரா என்று நடுவர் முடிவு செய்ய வேண்டும். சாதாரண ஒளிப்பதிவில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள் என்று கொண்டால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 40 மில்லிநொடி கழிந்துவிடுகிறது; பெட்டியின் 170 மில்லிநொடி முழுவதும் நான்கு சட்டகங்களில் அடங்கிவிடும். நொடிக்கு 50 சட்டகங்கள் என்றால் இடைவெளி 20 மில்லிநொடி. கையின் நீட்சி எந்தச் சட்டகத்தில் தொடங்கியது என்று சுட்டிக்காட்டும்போது, அந்தச் சுட்டுதலிலேயே இவ்வளவு பிழைக்கு இடம் இருக்கிறது. படத்தின் துல்லியம் கூடினால் இந்தக் குறை சிறுத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்துச் சொல்லப்போவது எவ்வளவு நல்ல கேமராவாலும் தீராதது.

முன்னுரிமை என்பது ஓர் அளவீட்டைவிட ஒரு வாசிப்பாகவே இருக்கிறது. ஒரு வீரரின் உடல் எந்தத் தாளத்தில் முன்னேறியது, எந்த இடத்தில் அவர் தயங்கினார், அவருடைய அசைவு எதிராளியை எந்தக் கணத்தில் எதிர்வினைக்குத் தள்ளியது என்பவற்றைச் சேர்த்து நடுவர் ஒரு வாக்கியமாகப் படிக்கிறார். அதனால்தான் வாள்வீச்சில் தொடர்ச்சியான செயல்களின் கோவையைச் 'சொற்றொடர்' என்ற பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அழைக்கிறார்கள். மெதுவாக ஓட்டும்போது இந்தத் தாளம் சிதைந்துவிடுகிறது. இயல்பான வேகத்தில் ஒரே மூச்சாகத் தெரிந்த தாக்குதல், கால்பங்கு வேகத்தில் மூன்று துண்டுகளாகத் தெரிகிறது. இடையே கை இம்மியளவு நின்றது ஒரு பெரிய தயக்கம்போல் கண்ணை உறுத்துகிறது. உண்மையில் நின்ற கையையும், நிற்காமல் திசைமட்டும் மாற்றிய கையையும் அந்த வேகத்தில் பிரித்தறிவது கடினம். மெதுவான படத்தை நம்பித் தீர்ப்பை மாற்றும் நடுவர், எதிராளி களத்தில் கண்டிராத ஒரு தயக்கத்துக்காக அவருக்குப் புள்ளி தருகிறார். எதிராளி எதிர்வெட்டு வைத்ததோ அந்தத் தயக்கத்தைக் கண்டு அன்று; தாக்குதலுக்கு அஞ்சித்தான்.

ஆகவே அனுபவமுள்ள நடுவர்கள் திரைக்குச் சென்றதும் முதலில் இயல்பான வேகத்தில் ஓட்டச் சொல்வதையும், தொடுகை, தடுப்பு, கால் ஆகியவற்றுக்கு மட்டும் மெதுவாக ஓட்டச் சொல்வதையும் கவனித்தால் அவர்களுடைய பயிற்சி விளங்கும். இது விதியாகவே எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து: யார் தொடங்கினார் என்பதற்கு முழு வேகம், வாள் தொட்டதா என்பதற்கு மெது வேகம். இப்போது இரண்டும் நடுவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கின்றன.

இன்னொரு குறை, திரை எதையும் 'தெரியவில்லை' என்று சொல்ல அனுமதிப்பதில்லை என்பது. கிரிக்கெட்டில் சான்று போதாதபோது களநடுவரின் முடிவே நிற்கும் என்று வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. வாள்வீச்சில் நடுவர் திரையிலிருந்து திரும்பி அதே சைகையை மீண்டும் காட்டும்போது, தம் முதல் தீர்ப்பைத் திரை உறுதிப்படுத்தியது என்று சொல்கிறாரா, திரையில் ஒன்றும் விளங்காததால் பழைய தீர்ப்பையே வைத்துக்கொள்கிறாரா என்பது யாருக்கும் தெரிவதில்லை. வீரருக்கோ இரண்டு நிலையிலும் ஒரு முறையீடு போய்விடுகிறது. இது நியாயமற்றது. படம் தெளிவாக இல்லாதபோது முறையீட்டைத் திருப்பித் தருவதால் ஆட்டம் ஒன்றும் நீண்டுவிடாது.

பாரிஸில் 2024-இல் நடந்த ஆண்கள் ஃபாயில் இறுதி ஆட்டம் இந்தக் குறையை உலகத்துக்கே காட்டியது. அது சேபர் ஆட்டம் அன்று. ஆயினும் ஃபாயிலும் முன்னுரிமையால் இயங்குவதே. ஹாங்காங்கின் சியுங் கா லாங்கும் இத்தாலியின் பிலிப்போ மாக்கியும் 14-14 என்று நின்றபோது, நடுவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திரைக்குப் போய்வந்தார். முடிவில் சியுங் 15-14 என்று வென்றார். இத்தாலியர்கள் நடுவர்களைக் குறித்து வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார்கள். யார் சரி என்று நான் இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. உயர்ந்த தரமுள்ள கேமராக்களும், தேர்ந்த நடுவர்களும், கட்டாயத் திரைப்பார்வையும் இருந்த இடத்திலேயே ஒரு தங்கப் பதக்கம் வாசிப்பு வேறுபாட்டில் தொங்கியது என்பதுதான் கவனிக்கத் தக்கது.

நேரத் தகராறு என்றதும் பலர் நினைவுக்கு வருவது 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் ஷின் ஆ-லாம் களத்தைவிட்டு இறங்க மறுத்து அழுதுகொண்டே அமர்ந்திருந்த காட்சி. அது எபே; அங்கே சிக்கல், கடைசி ஒரு நொடியைக் கடிகாரம் எவ்வாறு எண்ணியது என்பது. சேபரில் அந்த வகைத் தகராறு நடைமுறையில் எழுவதே இல்லை. ஒரு நாக் அவுட் ஆட்டம் 15 புள்ளிகளுக்கு நடக்கிறது. ஒருவர் 8 புள்ளியை எட்டியதும் ஒரு நிமிட ஓய்வு. கடிகாரத்தை நம்பி யாரும் ஆடுவதில்லை. சேபரின் நேரத் தகராறு வேறு வகை: "ஆல்ட்" என்று நடுவர் நிறுத்திய பின் வந்த வெட்டா, முன்பே புறப்பட்ட வெட்டா என்பது. நிறுத்தச் சொல்லுக்கு முன் தொடங்கிய செயல் செல்லும். பின் தொடங்கியது செல்லாது. இதைத் தீர்க்கப் படத்தோடு ஒலியும் துல்லியமாக ஒத்திசைய வேண்டும். படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்வது, என் அனுபவத்தில், பெரும்பாலும் ஊகமாகவே முடிகிறது. ஒலியைத் திரையில் ஓர் அலைவரியாகக் காட்டினால் போதும். இன்றைய கருவிகளுக்கு இது பெரிய வேலை அன்று.

நேர்மை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் வீடியோ முறை பிறந்ததே நம்பிக்கையின்மையிலிருந்துதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஃபாயில் அணி இறுதியில் இத்தாலி சீனாவை 45-42 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் இத்தாலிக்குச் சாதகமாகப் பல தவறுகள் செய்ததாகக் கண்டு, நடுவரைக் கூட்டமைப்பு இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வீடியோ பரவலாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், அமெரிக்க வாள்வீச்சு அமைப்பு இரண்டு சேபர் நடுவர்களை இடைநீக்கம் செய்தது: களத்தில் இருந்தவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன், வெளியே நின்ற மற்றவரைப் பார்த்துக் குறிப்புப் பெற்றார் என்பது புகார். அதை வெளிக்கொண்டு வந்ததும் ஆட்டத்தின் ஒளிப்பதிவுகளே. முறையீட்டுக்காக வைக்கப்பட்ட கேமராவைவிட, ஆட்டங்கள் அனைத்தும் பதிவாகி எல்லோருடைய கைக்கும் கிடைக்கின்றன என்பது நடுவர்களை அதிகம் கட்டுப்படுத்துகிறது என்று நினைக்கிறேன். சேபர் உலகில் பெயர்பெற்ற பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் இடையிலான நெருக்கத்தைப் பற்றிய முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை; அதைத் தீர்ப்பது திரையின் வேலையும் அன்று.

இது நமக்குத் தொலைவான பேச்சு என்று தமிழ் வாசகர்கள் நினைக்க வேண்டியதில்லை. சென்னையின் பவானி தேவி டோக்கியோவில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை; அவர் ஆடுவது சேபர்தான். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாதியா பென் அஸீஸியை 15-3 என்று வென்று, அடுத்ததில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். அத்தகைய புள்ளி வித்தியாசத்தில் எந்த நடுவராலும் முடிவைப் புரட்ட இயலாது. ஆனால் 2023-இல் சீனாவின் ஊஷி நகரில் நடந்த ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப் போட்டியைப் பாருங்கள்: காலிறுதியில் ஜப்பானின் மிசாகி எமுராவை வீழ்த்தி அந்தப் போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கத்தை உறுதிசெய்த அவர், அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஸைனப் தயிபெகோவாவிடம் 14-15 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். ஒற்றைப் புள்ளியில் முடியும் இத்தகைய ஆட்டங்களில், முறையீடுகளை எப்போது செலவழிப்பது என்பதும் ஆட்டத் திறமையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, 3-2 என்ற நிலையில், கோபத்தில் இரண்டு முறையீடுகளையும் எரித்துவிடும் வீரர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. திரை உங்களுக்குச் சாதகமாக விடை தரக்கூடிய கேள்விகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்: தடுத்தேன், அவர் கால் கடந்தது, என் மேல் படவில்லை. 'நான்தான் முதலில் புறப்பட்டேன்' என்பதற்காகத் திரையை அழைப்பது பெரும்பாலும் வீண். அதற்குப் பதில், அடுத்த முறை நடுவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி புறப்படுவது மேல்.

மாவட்ட, மாநில அளவிலான போட்டிகளில் இந்தச் சேவை பொதுவாகக் கிடைப்பதில்லை. அங்கே நடுவரின் கண்ணே எல்லாம். தொடுகையில் நடந்தது என்ன என்று அவர் தீர்ப்புச் சொன்ன பின் அதைப் பற்றி முறையிடவும் முடியாது, விதியை அவர் தவறாகப் பொருத்தினார் என்றால் மட்டுமே போட்டி நிர்வாகத்தை அணுகலாம். சில இடங்களில் முக்காலியில் கைபேசியைப் பொருத்தி வைத்துக்கொண்டு அதையே வீடியோ முறையாக நடத்துகிறார்கள். தடுப்பைப் பார்க்க அது போதும். ஆனால் கைபேசி ஒரு முனையில் இருக்கும்போது, அருகில் இருக்கும் வீரர் பெரிதாகவும் வேகமாகவும் தெரிகிறார். தாக்குதல் அவருடையதுபோலவே தோன்றும். களத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, இரு வீரர்களும் முழுவதும் தெரியும் தொலைவில் கருவியை வைக்காவிட்டால், வைக்காமல் இருப்பதே நல்லது. சில பெற்றோர் ஓரத்திலிருந்து சாய்வாக எடுத்த படத்தைக் காட்டி நடுவரிடம் வாதிடுவதும் உண்டு. எந்த நடுவரும் அதை ஏற்கக் கூடாது, ஏற்பதும் இல்லை.

பார்வையாளருக்கு இந்தச் சேவை என்ன தருகிறது என்று கேட்டால், விடை ஏமாற்றமாகவே இருக்கிறது. நடுவர் திரையின் முன் குனிந்து நிற்கும் நேரம் முழுவதும் அரங்கில் ஒரு சொல்லும் கேட்பதில்லை. திரும்பி வந்து அவர் காட்டும் சைகைகள் வாள்வீச்சு அறிந்தவர்களுக்கு மட்டுமே விளங்கும். காரணம் ஏதும் சொல்லப்படுவதில்லை. ரக்பியில் நடுவரும் வீடியோ அலுவலரும் பேசிக்கொள்வது ஒலிபரப்பாகிறது. பார்க்கும் எவரும் தர்க்கத்தைப் பின்தொடர முடிகிறது. சேபரில் அப்படிச் செய்தால் நடுவர்கள் சிறிது காலம் சங்கடப்படுவார்கள். ஒரே மாதிரியான தொடுகைக்குக் காலையில் ஒரு காரணமும் மாலையில் வேறொரு காரணமும் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சங்கடத்துக்கு அவர்களை உட்படுத்தும்வரை இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றுக்கு மேல் மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு மட்டும் தனியே மதிப்பெண் இடச் சொன்னால் தயங்காமல் நாலரை கொடுப்பேன். அது தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.